மருந்தாளுநர் ஊசி போட யார் அனுமதி தருகிறார்கள்?

அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1952-இல் வெளியிட்ட தொழில் நெறிமுறையில் விசித்திரமான விதி ஒன்று இருந்தது. தன் மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, அந்த மருந்து என்ன செய்யும் என்று நோயாளி கேட்டால், மருந்தாளுநர் அதைப் பற்றிப் பேசக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். மருந்தைப் பற்றியே படித்துப் பட்டம் பெற்றவர் மருந்தைப் பற்றி வாய் திறந்தால் ஒழுங்கீனம்! இன்று அதே நாட்டில், நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் மதுரைக்காரர் ஒருவர், பேரனுக்குப் பால் வாங்கப் போன கடையிலேயே மருந்தாளுநர் கையால் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே மாறியது மருந்தாளுநரின் கைத்திறன் என்று நினைத்தால் அது பாதிதான் சரி. தோள் தசையில் ஊசி குத்தச் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். குத்துவதற்கான உரிமையோ சட்டத்தின் ஏதோ ஒரு பிரிவில், ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை யார் எழுதினார்கள், அது வேறு யாருடைய பட்டியலைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்து உரிமை விரியும், சுருங்கும், சில சமயம் அறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும்.

மருந்துக்கு ஒரு சட்டம், மருந்தாளுநருக்கு ஒரு சட்டம்

ஒரு தடுப்பூசி பாதுகாப்பானதா, அதைச் சந்தைக்கு விடலாமா என்று அமெரிக்காவில் முடிவு செய்வது மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகம், எஃப்.டி.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊசியை யார் போடலாம் என்பதில் மத்திய அரசுக்கு வழக்கமாக வேலை இல்லை. லாரிக்குத் தகுதிச் சான்று ஒருவர் கொடுக்க, ஓட்டுநருக்கு உரிமம் இன்னொருவர் கொடுப்பது போலத்தான் இது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகிய தொழில்களை ஒழுங்குபடுத்துவது மாநிலங்கள். ஆகவே 50 மாநிலங்களில் 50 மருந்தாளுநர் தொழில் சட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமம் கொடுக்கவும் பறிக்கவும் ஒரு வாரியம் இருக்கிறது.

இதில் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது சட்டத்துக்கும் ஒழுங்குவிதிக்கும் உள்ள வேறுபாட்டை. சட்டத்தை மாற்ற வேண்டுமானால் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வர வேண்டும், நிறைவேற வேண்டும், ஆளுநர் கையெழுத்திட வேண்டும். (அமெரிக்க ஆளுநர் தேர்தலில் வென்று வருபவர், நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர்.) விதியை மாற்ற வாரியம் வாக்களித்தால் போதும். நெருக்கடி வந்தால் ஆளுநரே அவசர ஆணை போட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஒரே அனுமதி இந்த மூன்று வழிகளில் எதன் மூலம் வந்தது என்று பார்த்தால், அது எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

மருந்துகளைப் பொறுத்தவரை மத்திய அரசு போட்ட ஒரு பெரிய கோட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் மருந்து, சீட்டில்லாமலே வாங்கக் கூடிய மருந்து என்று இரண்டாகப் பிரித்தது 1951-இல் வந்த டர்ஹம்–ஹம்ஃப்ரி திருத்தம். அதைக் கொண்டுவந்த கார்ல் டர்ஹம், ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இருவருமே மருந்தாளுநர்களாக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள். மருந்தாளுநரின் சொந்த முடிவுக்கு என்று மூன்றாவதாக ஒரு வகையை அவர்கள் உருவாக்கவில்லை. அடுத்த ஆண்டே வந்த நெறிமுறை வாயையும் மூடச் சொன்னது. எண்ணிக் கொடுப்பவர், ஒட்டிக் கொடுப்பவர் என்ற இடத்தில் தொழில் வெகு காலம் நின்றது.

அந்த இடத்திலிருந்து அவர்களை நகர்த்தியதில் ஒரு சிறிய ஊருக்கும் பங்கு உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் பெரிவில் என்ற ஊரில் யூஜீன் ஒயிட் என்ற மருந்தாளுநர் 1960-இல் தன் கடையிலிருந்த சோடாக் கவுண்டரையும் சில்லறைச் சாமான்களையும் அகற்றிவிட்டு, அதை ஓர் ஆலோசனை அறை போல மாற்றினார். ஒவ்வொரு குடும்பமும் வாங்கும் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்தார். இன்றைக்கு எந்தக் கணினியும் செய்யும் வேலை. அன்றைக்கு அது எல்லை மீறல். 1969-இல் சங்கத்தின் நெறிமுறை மாறியது. 1990-இல் மத்திய அரசு இயற்றிய ஒரு வரவுசெலவுச் சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் மருந்து வாங்குவோருக்கு மருந்தாளுநர் விளக்கம் சொல்ல முன்வர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1993-இல் அது நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் அந்தக் கடமையை எல்லா நோயாளிகளுக்கும் விரித்தன. பேசுவது குற்றமாக இருந்த தொழிலில் நாற்பதே ஆண்டுகளில் பேசாமலிருப்பது குற்றமாகிவிட்டது.

ஊசி எப்படி உள்ளே வந்தது

மருந்தாளுநர்களுக்குத் தடுப்பூசி போட முறையான பயிற்சி 1994-இல் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலில் தொடங்கியது. அங்கே தொடங்கியது தற்செயல் அல்ல. மருத்துவரும் மருந்தாளுநரும் எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, மருத்துவரின் சில அதிகாரங்களை மருந்தாளுநர் பயன்படுத்தலாம் என்று அந்த மாநிலம் 1979-லேயே இடம் கொடுத்திருந்தது. 1996-இல் தேசிய அளவில் சங்கமே சான்றிதழ்ப் பயிற்சியை ஆரம்பித்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகச் சட்டம் மாறி, 2009-இல் மெயின் மாநிலமும் சேர்ந்தபோது 50-ம் நிறைவடைந்தது.

ஆனால் ‘50 மாநிலங்களிலும் மருந்தாளுநர் தடுப்பூசி போடலாம்’ என்ற வாக்கியம் எதையும் சொல்லாத வாக்கியம். எந்தத் தடுப்பூசி? எந்த வயதினருக்கு? யார் உத்தரவின் பேரில்? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தது. கொரோனாவுக்கு முன்பு புளோரிடாவில் பெரியவர்களுக்கு மட்டும்தான் போடலாம். நியூயார்க்கைப் பாருங்கள்: 2008-இல் வந்த சட்டம் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் அனுமதித்தது. அக்கி நோய்க்கான ஊசி சேர 2012 ஆனது. குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி போட அனுமதி 2018-இல்தான் வந்தது. அதுவும் அந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ கடுமையாகப் பரவியதால் முதலில் ஆளுநரின் அவசர ஆணையாக வந்து, பிறகு சட்டமானது. அதே மருந்தாளுநர், அதே கை, அதே அளவு ஊசி. ஒவ்வொரு முறையும் மாநிலத் தலைநகர் அல்பேனியில் உள்ள சட்டமன்றம் ஒரு சொல்லைச் சேர்க்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் உத்தரவு என்ற கேள்விதான் இவற்றில் நுட்பமானது. தடுப்பூசியும் சீட்டுக்குரிய மருந்துதான். அப்படியானால் கடைக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதுவது யார்? சில மாநிலங்களில் ஒரு மருத்துவர் நிலையாணை ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்: இந்த வயதுக்கு மேல், இந்த ஒவ்வாமை இல்லாத எவருக்கும் இந்த ஊசியைப் போடலாம் என்று. அந்த மருத்துவர் நோயாளியைப் பார்த்ததே இருக்காது. வேறு சில மாநிலங்களில் மாநிலமே எல்லா மருந்தாளுநர்களுக்கும் பொதுவான நெறிமுறை ஒன்றை வெளியிடுகிறது. இன்னும் சிலவற்றில் மருந்தாளுநர் தன் பெயரிலேயே உத்தரவு எழுதிப் போடுகிறார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் நிலையாணையில் கையெழுத்திட்ட மருத்துவர் விலகிக்கொண்டால் முதல் வகை மாநிலத்தில் ஊசி நின்றுவிடும்.

கொரோனாக் காலத்து மேலாணை

2020 ஆகஸ்டில் மத்திய அரசு, தான் வழக்கமாகத் தலையிடாத இடத்தில் தலையிட்டது. 2005-இல் இயற்றப்பட்ட பிரெப் சட்டம் என்ற பொதுச் சுகாதார அவசரநிலைச் சட்டத்தைப் பயன்படுத்தி, 3 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு மருந்தாளுநர்கள் தடுப்பூசி போடலாம், அதற்கு எதிரான மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று சுகாதாரத் துறை அறிவித்தது. ஊரடங்கில் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்ததுதான் காரணம். நிபந்தனைகளும் இருந்தன: குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி, முதலுதவிச் சான்று, மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் தகவல் சேர்ப்பது, குழந்தையை வழக்கமான பரிசோதனைக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி பெற்றோரிடம் சொல்வது. செப்டம்பரில் கொரோனா ஊசி சேர்ந்தது, அது தயாராவதற்கு முன்பே. அக்டோபரில் மருந்துக் கடை உதவியாளர்களும், மருந்தாளுநரின் மேற்பார்வையில், ஊசி போட அனுமதிக்கப்பட்டார்கள். உதவியாளர் விஷயத்தில் ஐடஹோ மாநிலம் 2017-லேயே முந்திக்கொண்டிருந்தது.

குழந்தை மருத்துவர்களின் அகாடமி இதைக் கடுமையாக எதிர்த்தது. தடுப்பூசிக்காக வரும்போதுதான் குழந்தையின் வளர்ச்சி, பேச்சு, கண், காது எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்கிறார். அந்த வருகையே நின்றுபோனால் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம். வருமானம் போகிறது என்பதற்காகச் சொல்கிறார்கள் என்று இதை ஒதுக்குவது எளிது. வருமானமும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 40 வயதுக்காரருக்கு ஆண்டுக்கொரு ஃப்ளூ ஊசி என்று வரும்போது அதே வாதம் வலுவிழந்துவிடுகிறது. அவர் ஊசிக்காக மருத்துவரிடம் நேரம் வாங்கிப் போகப்போவதில்லை. கடையில் போடாவிட்டால் போடவே மாட்டார்.

அவசரநிலை அனுமதிகளுக்குக் காலக்கெடு உண்டு. கொரோனா, ஃப்ளூ ஊசிகளுக்கான அனுமதி 2024 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டு, பிறகு 2029 டிசம்பர் 31 வரை மறுபடி நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையில் பல மாநிலங்கள் அந்த அனுமதியைத் தங்கள் சொந்தச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டன. சில எழுதவில்லை.

சட்டத்துக்குள் இருந்த மூன்று எழுத்துச் சிக்கல்

2025-இல் நடந்ததைப் புரிந்துகொண்டால் இந்த விஷயம் முழுவதும் பிடிபட்டுவிடும்.

மாநிலச் சட்டம் எழுதுபவர்கள் புதிய தடுப்பூசி வரும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் பலர் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார்கள். சி.டி.சி. என்ற மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தடுப்பூசி நிபுணர்களின் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழு பரிந்துரைக்கும் ஊசிகளை மருந்தாளுநர் போடலாம் என்று எழுதிவிட்டார்கள். நல்ல யோசனைதான். குழுவில் நிபுணர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்குச் சில முறை கூடுகிறார்கள், பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படும். பல ஆண்டுகள் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. 2020-இன் மத்திய அனுமதியும் இதே குழுவின் பரிந்துரையைத்தான் நிபந்தனையாக வைத்தது.

2025 ஜூனில் சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே அடியாக நீக்கிவிட்டுப் புதியவர்களை நியமித்தார். ஆகஸ்ட் 27 அன்று எஃப்.டி.ஏ. அந்த ஆண்டுக்கான கொரோனா ஊசிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது, ஆனால் 65 வயது நிரம்பியவர்களுக்கும், அதற்குக் கீழே உள்ளவர்களில் உடல்நலச் சிக்கல் இருப்பவர்களுக்கும் மட்டும். மருந்து வந்துவிட்டது; ஆலோசனைக் குழு இன்னும் கூடவில்லை; ஆகவே பரிந்துரை இல்லை. பரிந்துரை இல்லையென்றால் அதைச் சுட்டும் மாநிலச் சட்டங்களின்படி மருந்தாளுநருக்கு அதிகாரமும் இல்லை. நாட்டின் பெரிய மருந்துக் கடைச் சங்கிலியான சி.வி.எஸ். பல மாநிலங்களில் மருத்துவர் சீட்டு கொண்டுவந்தால்தான் போடுவோம் என்றும், மாசசூசெட்ஸ், நெவாடா, நியூ மெக்சிகோ ஆகிய மூன்று மாநிலங்களில் இப்போதைக்குப் போட இயலாது என்றும் அறிவித்தது. முந்தைய ஆண்டு ஆயிரக்கணக்கானோருக்குப் போட்ட அதே மருந்தாளுநர்கள், குளிர்பெட்டியில் மருந்து வைத்துக்கொண்டு கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

இதற்கு மாநிலங்கள் கண்ட தீர்வுகளில்தான் சட்டம், விதி, ஆணை ஆகிய மூன்றின் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. பென்சில்வேனியாவில் வாரியம் செப்டம்பர் 3 அன்று கூடி வாக்களித்தது: மத்தியக் குழுவின் பட்டியலோடு, குழந்தை மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள், குடும்ப மருத்துவர்கள் ஆகியோரின் தேசிய அமைப்புகள் பரிந்துரைப்பதையும் பின்பற்றலாம் என்று. நியூயார்க்கில் பட்டியல் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால் வாரியத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் செப்டம்பர் 5 அன்று அவசர ஆணை பிறப்பித்தார். அத்தகைய ஆணைக்கு அங்கே 30 நாள்தான் ஆயுள். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். செப்டம்பர் 19-இல் புதிய ஆலோசனைக் குழு கூடியபோது, கொரோனா ஊசிக்கு எல்லோருக்குமே மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற யோசனை ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் நின்று, தலைவரின் வாக்கால் தோற்றது. அவரவர் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கலந்து பேசி முடிவு செய்யலாம் என்ற பரிந்துரை நின்றது, அக்டோபரில் சி.டி.சி. அதை ஏற்றது. ஒரு வாக்கு வேறு பக்கம் போயிருந்தால் பல மாநிலங்களில் கவுண்டர்கள் மறுபடி மூடியிருக்கும்.

கென்னடியின் முடிவைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், சட்டம் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. தன் மாநிலத்து மருந்தாளுநரின் அதிகாரத்தை வேறோர் இடத்தில், வேறொருவர் நியமிக்கும் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதை அந்த ஆகஸ்ட் வரை பெரும்பாலோர் யோசித்ததே இல்லை.

உரிமை கிடைத்தால் போதுமா?

தடுப்பூசியோடு வேறு உரிமைகளும் வந்தன. ஆரிகன் மாநிலத்தில் 2016 ஜனவரி முதல் மருந்தாளுநரே கருத்தடை மாத்திரைக்குச் சீட்டு எழுதலாம். 2022 ஜூலையில் கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையை எழுதிக் கொடுக்கும் அனுமதியை எஃப்.டி.ஏ. கொடுத்தது, ஓராண்டுக்குள் எடுத்த சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை விவரங்களை நோயாளி கொண்டுவந்தால் மட்டும்.

பணம் வேறு கதை. முதியோருக்கான மெடிக்கேர் காப்பீட்டுச் சட்டம் மருந்தாளுநரைச் சிகிச்சை அளிப்பவர் பட்டியலில் சேர்க்கவில்லை. ஃப்ளூ ஊசிக்குப் பணம் வரும், அக்கி ஊசிக்கு 2023 முதல் முதியவர் கையிலிருந்து ஒன்றும் தர வேண்டாம். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து மருந்துகளைச் சரிபார்த்து அறிவுரை சொன்னால் மருத்துவருக்குக் கிடைப்பது போன்ற கட்டணம் மருந்தாளுநருக்குக் கிடைக்காது. செய்யலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. செய்தால் கூலி உண்டு என்று மத்தியச் சட்டம் சொல்வதில்லை.

வேலைப் பளுவும் ஏறியது. 2023 செப்டம்பரில் கன்சாஸ் நகரப் பகுதியில் சி.வி.எஸ். மருந்தாளுநர்கள் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். அடுத்த மாதம் வால்கிரீன்ஸ் என்ற இன்னொரு சங்கிலியின் கடைகளிலும் அது நடந்தது. போதிய ஆள் இல்லாமல், சீட்டுகளும் தொலைபேசியும் ஊசிக்கான வரிசையும் ஒரே நேரத்தில் நெருக்குகின்றன என்பதே குறை. 2025 அக்டோபரில் ரைட் எய்ட் என்ற மருந்துக் கடைச் சங்கிலி தன் கடைசிக் கடையையும் மூடியது. சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தப் பக்கத்தில் கடை இருக்க வேண்டுமே.

இங்கிலாந்தில் பாதை வேறு. ஒரே தேசியச் சுகாதாரச் சேவை என்பதால் 50 சட்டங்களின் குழப்பம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு இல்லாமல், குறிப்பிட்ட வகை நோயாளிகள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் எழுத்துபூர்வ உத்தரவு என்ற ஏற்பாட்டின் கீழ் 2015 முதல் நாடு முழுவதும் மருந்துக் கடைகளில் ஃப்ளூ ஊசி போடப்படுகிறது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் தமிழர்கள் பலருக்கு இது பழகிய விஷயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் போய்க் கையை நீட்டிவிட வேண்டாம். இந்தியாவில் 1948-இன் மருந்தாளுநர் சட்டமும் 2015-இன் தொழில் ஒழுங்குவிதிகளும்தான் அடிப்படை. மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பது அந்த விதிகளில் இருக்கிறது. தடுப்பூசி என்றால் நம் ஊரில் மருத்துவமனை, ஆரம்பச் சுகாதார நிலையம், கிராமச் சுகாதாரச் செவிலியர். அமெரிக்காவில் சண்டை, மருந்தாளுநர் ஊசி போடலாமா என்பதில். இங்கே இன்னும், பதிவு பெற்ற மருந்தாளுநர் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்காமல் ஆளும் கடையில் இருக்கிறாரா என்பதில்.

அமெரிக்காவில் அடுத்துக் கவனிக்க வேண்டிய தேதி 2029-இன் கடைசி நாள். பிரெப் சட்டத்தின் அனுமதி அன்று முடிகிறது. உதவியாளர் ஊசி போடுவதையும், குழந்தைகளுக்கான வயது வரம்பையும் சொந்தச் சட்டத்தில் எழுதிக்கொண்ட மாநிலங்களில் அடுத்த நாள் ஒன்றும் மாறாது. மற்ற மாநிலங்களில், இடையில் சட்டமன்றம் எதுவும் செய்யாவிட்டால், 2020-க்கு முன்பிருந்த வாக்கியங்கள் திரும்ப உயிர் பெறும்.